கட்டபெட்டில் மரம் விழுந்த நாள்

யோகராணி ஏழு தடவை சொன்னாள்.
அதில் ஒரு தடவை என்னிடம்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் பிலோமி சிஸ்டர் கேட்டார்:
எந்தக் கை?
இடது, என்றாள். எலும்பு விட்டிருந்தது.
குன்னூர் மகளிர் காவல் நிலையத்தில் கேட்டார்கள்:
எந்தக் கை?
வலது, என்றாள். அடித்தது அதுதான்.
இரண்டு தாளையும் அருகருகே பிடித்துக்
கோர்ட்டில் ஒரு வக்கீல் லேசாகச் சிரித்தார்.
அடுத்த வாய்தா
இரண்டு மாதம் கழித்து.

ஊட்டியில் என் மேசையில் பதினான்கு பக்கப் படிவம்.
மாத வருமானம்? என்றேன்.
எந்த மாசம்க்கா, என்றாள்,
மழை மாசமா, பனி மாசமா?
பச்சைத் தேயிலைக்குக் கிலோக் கணக்கில் கூலி.
நான் ஏதோ ஓர் எண் போட்டேன்.
கீழ்க்கோத்தகிரி லயனிலிருந்து
ஆறு பத்து வண்டியைப் பிடித்து வந்தவள்
திரும்பும்போது இருட்டிவிடும்.
ஒரு கையெழுத்துக்கு
ஒரு நாள் கொழுந்து.

கண்டியிலிருந்து கப்பலில் வந்த குடும்பம்.
தாளைத் தொலைத்தால் நாடே தொலையும் என்று
அவள் அப்பா சொல்வாராம்.
ஓ.பி. சீட்டு, மனு ரசீது,
எக்ஸ்ரே, என் விசிட்டிங் கார்டு,
எல்லாம் ஒரு பாலித்தீன் பையில்.
எங்கள் நான்கு துறைகளும்
ஒன்றாக இருந்த ஒரே இடம்
இந்த மாவட்டத்தில் தடைசெய்யப்பட்ட
அந்தப் பைதான்.

பிறகு அந்த நவம்பர்.
கட்டபெட்டில், மூன்று சாலையும் சேருமிடத்தில்
ஒரு கற்பூர மரம் வேரோடு சாய்ந்தது.
குன்னூர் ஜீப்பில் எஸ்.எஸ்.ஐ. கிருஷ்ணவேணி,
இரவு டியூட்டி முடிந்த பிலோமி சிஸ்டர்,
பாதுகாப்பு அலுவலர் அஸ்மத்,
பஸ்ஸிலிருந்து இறங்கிய நான்.
பேக்கரி வாசலில் வர்க்கியும் டீயுமாக
ஒருவரையொருவர் யாரென்று தெரியாமல்
மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு மட்டும்
எங்கள் எல்லோரையும் தெரிந்திருந்தது.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.
கடையில வேணாம், ஜீப்புல ஏறுங்க, என்றாள்.
எஸ்.எஸ்.ஐ.யைப் பார்த்தும் அப்படித்தான் சொன்னாள்.
தார்ப்பாயை இழுத்துவிட்டாள்.
ஒரே தடவைதான் சொல்லுவேன்.
எழுதுறவங்க எழுதிக்கங்க.

மரம் அறுக்கும் ரம்பச் சத்தம்.
அது நிற்கும்போதெல்லாம் அவளும் நிறுத்தினாள்,
வெளியே கேட்டுவிடுமென்று.
அந்த இடைவெளிகளில்
எங்கள் ஈர ஸ்வெட்டர்களின் வாடை.

முடிவில் கிருஷ்ணவேணி கேட்டார்,
அப்போ ரெண்டு கையும் சரிதானா?
யாரும் பதில் சொல்லவில்லை.
சிஸ்டர் தன் பேனாவின் மூடியைத்
தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஒரு மரம் செய்ததை
உத்தரவாக வாங்க எங்களுக்கு ஐந்து மாதம்.
வியாழக்கிழமை, கோத்தகிரி, ஒரு மேசை என்று முடிவானது.
முதல் வாரம் இரண்டு பேர் வந்தோம்.
மூன்றாம் வாரம் என் வண்டிக்கு டீசல் இல்லை.
நான்காம் வாரம் அஸ்மத்துக்குத் தேர்தல் பணி.
நடந்த வாரங்களும் உண்டு.
புதுப் படிவத்தில்
"காயம்பட்ட கை", "அடித்தவர் கை"
என்று இப்போது இரண்டு கட்டங்கள்.
அதற்கு மட்டும் மூன்று கடிதங்கள்.

போன வியாழன் அவள் கோப்பு வந்தது.
வாய்தாவுக்கு முன்
சிஸ்டரின் தாளும் ஸ்டேஷன் தாளும்
நான்கு தலைகளுக்கு நடுவே விரிந்து கிடந்தன.
தங்குமிட உத்தரவின் தேதி தவறு என்று
அஸ்மத் கண்டுபிடித்தார்.
ஒன்றரை மணி நேரம்.
அவளைக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் போனில் சொன்னேன்.
சரிக்கா, என்றாள்.
பின்னால் எடைமேடையில் யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.
இன்னைக்குப் பத்தொம்பது கிலோ.
இடது கைதான்
இன்னும் முழுசா மடங்கல.